பழைய யன்னல்களைக் கொண்டுபோன நாள்

"…வீட்டை இஞ்சை வைச்சுக்கொண்டு, என்னை ஏனப்பா இவ்வளவு நாளும் ஆற்றையோ வீடுகளிலை கொண்டு திரிஞ்சனீங்கள்?"

அத்தான் இதைக் கேட்டபோது, வீடு திருத்திய கழிவுகளைக் கொண்டுபோய்ப் போடும் நகரசபையின் இடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். எக்கோசாந்தர் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வீடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஆள் உயரத்தை விடப் பெரிய இரும்புத் தொட்டிகள் வரிசையாக நின்றன. நாங்கள் இறக்கிவைத்த பழைய யன்னல்கள் கொங்கிறீற் தடுப்பில் சாய்ந்து நின்றன. அக்கா முரட்டுக் கையுறையைக் கழற்றாமலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்வதற்கு யன்னலில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

அக்காவும் அத்தானும் கர்க்லாண்டில் அந்த வீட்டை வாங்கியபோதே யன்னல்கள் பழையவை. மரச் சட்டத்துக்குள் அலுமினியத் தண்டவாளம் போட்டு, கண்ணாடி பக்கவாட்டில் வழுக்கிப் போகும் வகை. பூட்டுகள் எப்போதோ பழுது. தும்புத்தடிக் கம்பை அளவாக அறுத்துத் தண்டவாளத்தில் கிடத்தி வைப்பதுதான் பூட்டு. மாரிகாலத்தில் எல்லா யன்னலையும் இறுக்கிச் சாத்தினாலும் திரைச்சீலை தன்பாட்டில் அசையும். கீழ்ச் சட்டத்தில் உள்பக்கமாக ஐஸ் பிடிக்கும். "என்ன அத்தான், யன்னல் திறந்து கிடக்கோ?" என்று யாராவது கேட்டால், "காத்து பாவம், இந்தக் குளிருக்கை அது எங்கை போறது?" என்பார்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. மற்றவர்களின் வாயில் இருந்து விழுவதைப் பொறுக்கி வைத்துக்கொள்வதுதான் என் படிப்பு. அதில் பாதி அத்தானிடம் பொறுக்கியது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் அவர் கனகாலம் இருந்தவர். நானும் அங்கேதான், விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் இருந்தேன். அந்த வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான். "பெட்டியைத் தூக்கினா ஆள் போகுதோ வருகுதோ எண்டு சொல்லிப்போடுவன்" என்பார். எப்படி என்று கேட்டால், "போற பெட்டி பாரம். வாற பெட்டி அதைவிடப் பாரம். ஒரேயடியாப் போற ஆளின்ரை பெட்டிதான் லேசு" என்பார்.

அந்த வீட்டுக்கு மேலால் விமானங்கள் பதிந்து போகும். பழைய யன்னல்கள் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். கதைத்துக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் அத்தான் ஒரு விரலை உயர்த்துவார். எல்லோரும் வாயை மூடவேண்டும். சத்தம் போனபிறகு, விட்ட சொல்லிலேயே பிடித்துத் தொடர்வார். புதிதாக வருகிறவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி விரல் உயர்த்தி, வகுப்பாசிரியையிடம் பேச்சு வாங்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு இலையுதிர்காலமும் யன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுவார். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, அதில் பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து, அக்காவின் தலைமயிர் காயவிடும் மெசினால் சூடு காட்டுவார். பிளாஸ்டிக் மேளத்தோல் மாதிரி இறுகும். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "சரி, சுருதி சேந்திட்டுது" என்று அடுத்த யன்னலுக்குப் போவார்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாமான்களின் பெயர்கள் போயின. பிறகு ஆட்களின் பெயர்கள். என்னைத் தம்பி என்பார், யாருடைய தம்பி என்று தெரியாது. ஆனால் வீடு மட்டும் போகவில்லை. எந்த யன்னல் இறுகும், எதைத் தூக்கித் தள்ளவேண்டும், எந்தக் கம்பு எந்தத் தண்டவாளத்துக்கு உரியது என்று கைக்குத் தெரியும். பொழுதுபட ஒவ்வொரு அறையாகப் போய்க் கம்புகளைச் சரிபார்ப்பார். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி அதைக் கவனித்துவிட்டு அக்காவிடம் சொன்னாள்: வீடு தெரியும் மட்டும் வீட்டிலேயே வைத்திருங்கள், வீடும் தெரியாமல் போனால் என்னைக் கூப்பிடுங்கள். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பராமரிப்பு இல்லத்துக்கு அவரை அனுப்பாமல் வைத்திருப்பதுதான் அவளுக்கு அதன் பிறகு ஒரே வேலை.

அப்படி இருக்கையில் போன மாரிக்கு அவருக்குச் சளி பிடித்து நெஞ்சுக்குள் இறங்கியது. குளிர் என்று சொல்லத் தெரியாது. யன்னலடிக் கதிரையில் மெல்லிய சேட்டோடு இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா போர்த்துவாள், அவர் மடித்து வைப்பார். ஆஸ்பத்திரியால் வந்த அன்று அக்கா சொன்னாள்: "தம்பி, இந்த யன்னல்தான் இவரைக் கொண்டுபோகப் போகுது."

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகள், என் மருமகள், தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் பார்த்தாள். பழைய வீட்டைச் சூடு காக்கும் வீடாக மாற்றினால் அரசாங்கம் உதவிப்பணம் தருமாம். முதலில் ஒருவர் வந்து வாசல் கதவில் பெரிய காற்றாடி ஒன்றைப் பூட்டி, வீட்டுக் காற்றை இழுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் எல்லாம் வயிறு ஊதின மாதிரி உள்ளே தள்ளி நின்றது. அந்த மனுசன் தலையை ஆட்டி, "மேடம், இது வீடில்லை, அரிதட்டு" என்று பிரெஞ்சில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்ல, அக்காவுக்குப் பெரிய அவமானம். "கேட்டியளே, உங்கட வீடு அரிதட்டாம்" என்று அத்தானிடம் சொன்னாள். "மா நல்லா அரிபடும்" என்றார் அத்தான்.

வேலைக்குப் போர்த்துக்கல்காரர் ஒருவர் அமைந்தார். தலை நரைத்த, நிதானமான ஆள். பழைய யன்னல்களைத் தானே கொண்டுபோய்ப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை. "இரவல் சீலையை நம்பி இடுப்புச் சீலையை எறிஞ்ச கதையாப் போடும். புதுசு எப்பிடியெண்டு ஒரு பனியைப் பாத்திட்டுப் பழசை எறிவம். பின்வளவிலை வைக்கச் சொல்லு, தம்பி" என்றாள். மருமகள் தொலைபேசியில் கத்தினாள்: "மாமா, அம்மாட்டைச் சொல்லுங்கோ, பழைய யன்னல் திரும்பிப் பாவிக்கேலாது. ஆருக்கும் குடுக்கவும் கூடாது, முறையாக் கொண்டுபோய்ப் போடவேணும்." "ஓம், ஓம், போடுவம். பேந்து போடுவம்" என்றாள் அக்கா.

தூசியிலும் சத்தத்திலும் அத்தான் கிடந்து அல்லாடக்கூடாது என்று, வேலை நடந்த நாட்களில் அவரை இல்-பிசாரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லோரும் சேர்ந்து யோசித்து, நல்லது என்று செய்தது. அவரும் சந்தோசமாகத்தான் இருந்தார். லவால் பக்கம் போகும் படகைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். கார்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதிலை போறவை எல்லாம் திரும்பி வருகினம். நல்ல வள்ளம்" என்றார்.

வேலை முடிந்த அன்று அக்கா தொலைபேசி எடுத்தாள். குரல் ஏதோ கலியாண வீடு மாதிரி இருந்தது. "கூட்டிக்கொண்டு வா, தம்பி. வீடு பளிங்கு மாதிரி இருக்கு. நான் பால் காய்ச்சப் போறன்."

"என்னத்துக்கு அக்கா பால்? வீடு பழசுதானே?"

"யன்னல் முழுக்கப் புதுசடா. வீட்டின்ரை கண்ணெல்லே மாறியிருக்கு. ஒரு சொட்டுப் பால் பொங்கினா என்ன குறைஞ்சே போகும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல காரியம் நடந்தால் பால் பொங்கவிடுவது எங்களுக்குக் கையில் வருகிற பழக்கம். அதற்கு மேலே யோசிக்க யாருக்குத் தோன்றும்?

போனபோது வாசலில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றியிருந்தாள். மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடுப்பு வளையத்தில் பட்டுக் கருகி, புகை எழும்பியது. காற்றுப் போக வழியில்லாத புது வீடு அல்லவா, கூரையில் இருந்த புகை மணி கூச்சல் போடத் தொடங்கியது. நான் துவாயை எடுத்து விசுக்க, அக்கா புது யன்னலின் கைபிடியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சுற்ற, ஒரே சிரிப்பு. அந்த வீட்டில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதல் குவளையை அக்கா அத்தானிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். எழும்பி, சுவர்களைப் பார்த்தார், வெள்ளையாக நின்ற யன்னல்களைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நல்ல வீடு. காத்தும் வராது, சத்தமும் வராது. பால் நல்லாப் பொங்கினது. நெடுக நல்லா இருங்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "சரி தம்பி, அப்ப நாங்கள் வெளிக்கிடுவம். இருட்டப் போகுது" என்றார்.

நாங்கள் பகிடி என்று நினைத்தோம். அவர் போய் வாசல் கதவடியில் நின்றார்.

புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனால் பால் குடித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகவேண்டும். பெயர்கள் போன பிறகும் இந்த முறை அவரிடம் போகவில்லை. பால் காய்ச்சினால் புது வீடு. புது வீடு என்றால் அது அவருடைய வீடு அல்ல. அக்காவே அதைக் கையில் குவளையோடு கொண்டுபோய் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இது அதைவிட மோசம். பிள்ளையாராகவே முடிந்தது, ஆனால் வேறு யாரோ வீட்டில்.

அதன் பிறகு அவர் அந்த வீட்டில் விருந்தாளி. அதுவும் எப்படிப்பட்ட விருந்தாளி! கதிரையின் நுனியில்தான் இருப்பார். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கமாட்டார். குளியலறைக்குப் போவதென்றால் அக்காவிடம் வந்து, "குறை நினைக்கக் கூடாது, உங்கட பாத்ரூமை ஒருக்காப் பாவிக்கலாமே?" என்று கேட்பார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார். ஒருநாள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நல்ல கைப்பதம் உங்களுக்கு. என்ரை மனுசியும் உப்பிடித்தான் ஊத்துறவ" என்றார்.

அக்கா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கனநேரம் ஓடியது.

பின்னேரமானால் வெளிக்கிடத் தொடங்கிவிடுவார். குளிர்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வீட்டிலை பாத்துக்கொண்டு இருப்பினம்" என்பார். இதுதான் உங்கள் வீடு என்று அக்கா சொல்வாள், கெஞ்சுவாள், கலியாணப் படத்தைக் காட்டுவாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விரலை உயர்த்தி, "கேக்குதே?" என்பார்.

"என்ன கேக்குது?"

"அதுதான். ஒண்டும் கேக்கேல்லை. எங்கட வீட்டிலை பிளேன் கேக்கும்."

அந்த நேரம் பார்த்து வெளியே விமானம் ஒன்று பதிந்து போகும். புது யன்னலின் மூன்று அடுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வயிறு தெரிய, சத்தமில்லாமல். அத்தான் அதைப் பார்ப்பார். ஆனால் சத்தமில்லாத விமானத்தை விமானம் என்று எடுக்கமாட்டார். ஒருநாள் அக்கா பொறுக்கமுடியாமல் ஓடிப்போய் யன்னல் கைபிடியைச் சுற்றித் திறந்தாள். இரைச்சல் உள்ளே வந்தது. "இப்ப கேக்குதோ? இப்ப கேக்குதோ?" என்று கத்தினாள். அத்தான் மரியாதையாகத் தலையாட்டினார். "ஓ, இந்த வீட்டுக்காரரும் டோர்வல் பக்கம்தான் போலை."

அவர் சொல்வதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை. அவர் விசர்க்கதை கதைத்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றையும் கணக்காகப் பார்த்துத்தான் சொன்னார்.

பழைய யன்னல் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் என்ன என்று கேட்டது அக்காதான். பின்வளவில் மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை நீக்கி, அத்தான் எப்போதும் பக்கத்தில் இருக்கும் யன்னலையே தேடி எடுத்தோம். துடைத்து, இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய், புது யன்னலுக்கு முன்னால் நிலத்தில் சாய்த்து வைத்தோம். பழைய திரைச்சீலையையும் அக்கா மேலால் தொங்கவிட்டாள். அவருடைய கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டோம். கோயிலில் திரை விலகக் காத்திருக்கிற மாதிரி இரண்டு பேரும் நின்றோம்.

அத்தான் வந்தார். குனிந்து பார்த்தார். சட்டத்தில் கையை வைத்தார். கம்பு கிடக்கும் தண்டவாளத்தை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து, என் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்:

"யன்னலை நிலத்திலை வைச்சிருக்கினம், பாத்தியே? வேலை முடியேல்லை. முடியாத வீட்டிலை ஏன் பால் காய்ச்சினவை?"

போர்த்துக்கல்காரரை அக்கா திரும்பக் கூப்பிட்டாள். ஒரு அறையில் மட்டும், அந்த ஒரு யன்னலை மட்டும் திரும்பப் பூட்ட முடியுமா என்று கேட்கச் சொன்னாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்தார். சுவரில் இருந்த பழைய சட்டத்தை எல்லாம் வெட்டி எடுத்து, ஓட்டையின் அளவையும் மாற்றித்தான் புதியதை வைத்ததாம். "பழைய யன்னல் உங்களிடம் இருக்கிறது, மேடம். பழைய ஓட்டை இல்லையே" என்றார். இதை அக்காவுக்கு மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். அவர் போகும்போது அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தான் அவரிடம், "நல்ல வேலை. இந்த வீட்டுக்காரர் குடுத்து வைச்சவை" என்று தமிழில் சொன்னார்.

முதல் உறைபனி விழுந்த நாளில் அவர் வீட்டை விட்டு வெளியே நடந்துவிட்டார். அக்கா கீழே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முன்பென்றால் கதவு திறந்தால் வீடு முழுக்கக் காற்றடிக்கும், தெரியும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. பெரிய தெருவில் பஸ் தரிப்பில் நின்றவரை, பக்கத்துத் தெப்பனர் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்க வந்த ஒரு பெண் கண்டு, கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்தியிருக்கிறாள். நான் போனபோது கடைக்காரர் கொடுத்த கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "பஸ் வருகுதில்லை, தம்பி. வீட்டை போகவேணும்" என்றார். என்னைக் கண்டதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தாதிக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் எடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. "வீடும் தெரியேல்லை" என்று மட்டும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள்.

பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைக்கக் கனகாலம் செல்லும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் அந்தக் கனகாலத்தை நம்பித்தான் கையெழுத்து வைத்தாள். வேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர் காத்திருக்க, எங்களுக்கு இடம் கெதியாக வந்துவிட்டது. திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வரச்சொன்னார்கள். உடுப்புகளில் பெயர் தைத்து அனுப்பவேண்டுமாம். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சேட்டின் கழுத்திலும் தைத்தாள். அத்தான் பக்கத்தில் இருந்து ஊசிக்கு நூல் கோர்த்துக் கொடுத்தார். "ஆற்றை உடுப்பு?" என்று கேட்டார். "ஒரு நல்ல மனுசன்ரை" என்றாள் அக்கா.

காற்றாடிக்காரரும் அந்தக் கிழமைதான் இரண்டாம் முறை வந்து சோதித்துவிட்டுப் போனார். இந்தத் தெருவிலேயே நல்ல இறுக்கமான வீடு இதுதான் என்று பாராட்டினார். இனி அங்கே அக்கா தனிய இருக்கப் போகிறாள்.

சனிக்கிழமை காலை அவள் என்னைக் கூப்பிட்டாள். "உந்த யன்னலுகளையும் கொண்டுபோய்ப் போட்டிடுவம், தம்பி. பனி கொட்ட முதல். இனி வைச்சிருந்து ஆருக்குக் காட்டுறது?"

ஒரு சிறு வானை வாடகைக்கு எடுத்தேன். கண்ணாடி உடைந்து ஆட்களைக் கிழிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் அகலமான டேப்பைக் குறுக்குமறுக்காக ஒட்டினோம். அத்தானைத் தனிய விட்டுவிட்டுப் போகமுடியாது. முன் இருக்கையில் நடுவில் இருத்தி, பட்டியைப் பூட்டினோம். "எங்கை போறம்?" என்றார். "ஒரு அலுவல்" என்றேன். "வீட்டை போற வழியோ?" என்றார். அக்கா யன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

எக்கோசாந்தரில் நீளமான வரிசை. பனிக்கு முதல் எல்லோருக்கும் எறிய ஏதோ இருக்கிறது. செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் வந்து, இந்த ஊரில் இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்டாள். அக்கா மின்சாரக் கட்டணச் சீட்டைக் காட்டினாள். அவள் வானுக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடியை உடைக்கவேண்டாம், அலுமினியத் துண்டுகள் தனியாக அந்தப் பக்கம், கண்ணாடியோடு இருக்கும் சட்டங்கள் இந்தத் தொட்டிக்குள் என்று விளக்கினாள். டேப் ஒட்டியதைப் பார்த்து, எல்லோரும் இப்படிச் செய்தால் நல்லது என்றாள். எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

வானைப் பின்பக்கமாக விட்டு நிறுத்தி, யன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். நேரே தொட்டிக்குள் தூக்கிப்போட அக்காவின் கைக்குப் பலம் இல்லை. ஆகவே முதலில் எல்லாவற்றையும் கொங்கிறீற் தடுப்பில் வரிசையாகச் சாய்த்து வைத்தோம். பெரியது, சிறியது, குசினிக்கு உரியது, படுக்கையறைக்கு உரியது. அக்காவுக்கே தெரியாமல் அவள் கை அப்படி வைத்திருக்கவேண்டும்: வீட்டின் முன்பக்கத்தில் எந்த ஒழுங்கில் இருந்தனவோ, அந்த ஒழுங்கிலேயே நின்றன.

இரண்டு பேரும் முதல் யன்னலைத் தூக்க ஆயத்தமானபோது பின்னால் வான் கதவு சாத்துப்பட்டது. அத்தான் பட்டியைத் தானே கழற்றி இறங்கி வந்துவிட்டார். வரிசையின் ஒரு நுனியில் இருந்து மற்ற நுனி மட்டும் மெதுவாக நடந்தார். தன்னுடைய யன்னலுக்கு முன்னால் நின்றார். சட்டத்தைச் சுற்றி, போன மாரிக்கு அவர் ஒட்டிய டேப்பின் கறுத்த பசை இன்னும் இருந்தது. அதை நகத்தால் சுரண்டி, உருட்டி, மணந்து பார்த்தார். முகம் தெளிந்தது. அப்போதுதான் திரும்பி, வீட்டை இங்கே வைத்துக்கொண்டு தன்னை ஏன் யார் யாரோ வீடுகளில் கொண்டு திரிந்தோம் என்று கேட்டார்.

வாயைப் பொத்திய கையை அக்கா எடுத்தாள். "இஞ்சருங்கோ," என்றாள், "இது குப்பை போடுற இடம். இது வீடில்லை."

"உனக்கு நெடுகவும் என்ரை வீடு குப்பைதானே" என்றார் அத்தான்.

உனக்கு என்றார். பால் குடித்த நாளில் இருந்து அக்காவை நீங்கள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்ய? இன்றைக்குச் சனி. திங்கட்கிழமைக்கு உடுப்புகள் பெயர் தைத்துப் பெட்டிக்குள் இருந்தன. பின்னால் காத்திருந்த காரில் ஒருவன் ஹோன் அடித்தான். மேலங்கிப் பெண் கையைக் காட்டிக்கொண்டு எங்களை நோக்கி வரத் தொடங்கினாள்.

அத்தான் ஒரு கையால் கொங்கிறீற் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதலில் ஒரு சப்பாத்தைக் கழற்றினார், பிறகு மற்றதை. இரண்டையும் ஈரமான சல்லித் தரையில் ஒன்றாகச் சேர்த்து, வந்து போகிறவர்களின் காலில் தடக்காதபடி ஓரமாக ஒதுக்கி வைத்தார்.